ஒரு சுவருக்கு இருபத்தாறு வெள்ளை

தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டினாற்போல மச்சாது காம்பவுண்டு என்று ஒரு வரிசை இருந்தது. ரயில்பெட்டி கோத்ததுபோலப் பதினாலு வீடு, பதினாலுக்கும் பின்பக்கம் ஒரே நீளச் சுவர், முதல் வீட்டில் ஆணி அடித்தால் மூன்றாம் வீட்டில் மாதா படம் ஆடும். அந்த முதல் வீட்டில்தான் ரெமிஜியுஸ் என்கிற தோணிக்காரன், மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகுமுன், தவழத் தொடங்கியிருந்த மகளுக்காக, உப்புக்காற்றில் பொரிந்துபோன பின்சுவரைச் சுரண்டி வெள்ளை அடிக்க ஆரம்பித்து, பாதிச் சுவரில் டப்பா தீர்ந்து, அந்நேரம் பார்த்துக் காற்றும் வாய்த்துவிட, "மீதிய யாரையாச்சும் வச்சு அடிச்சிரு பெனிட்டா, வெள்ளதான, எந்தக் கடையிலயும் கெடைக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தோணி ஏறினான்.

எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவன் வாங்கிய கம்பெனி அந்த வெள்ளையை நிறுத்திவிட்டிருந்தது. பலவேசம் என்கிற பெயிண்டர் வேறொரு கம்பெனி வெள்ளையை வாங்கிவந்து மீதிப் பாதியை அடித்தான், ஈரத்தில் இரண்டும் அக்கா தங்கை போலத்தான் இருந்தன, காய்ந்தபிறகு ஒன்று பால், மற்றது தண்ணீர் விட்ட பால். நடுவில், மேலிருந்து தரைவரைக்கும், ஒரு கோடு விழுந்தது. மறுநாள் மதியம் அந்தக் கோட்டுக்குள் ஒரு பல்லி போனது. முதலில் தலை போய், பிறகு வயிறு போய், கடைசியில் வாலும் போய்விட, பெனிட்டா பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள், அங்கே உப்பளமும் வெயிலும் இருந்தன, பல்லி இல்லை. அன்று சாயங்காலம் குழந்தை ஜோவிட்டாவின் கிலுகிலுப்பை உருண்டு அந்தக் கோட்டில் பட்டு உள்ளே போனது. அது விழுந்துகொண்டே இருந்தது. காதை வைத்துக் கேட்டால், கிணற்றுக்குள் வளையல்காரி நடந்துபோவதுபோல, கலகலவென்று கீழே, இன்னும் கீழே.

பெனிட்டாவுக்குப் பயம் புதிதில்லை. ஜோவி பிறந்த பத்து மாதமாக அவள் பயத்தை ஒரு வேலையாகவே செய்துவந்தாள்: மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைப்பாள், வெந்நீரில் மூன்று தடவை முழங்கை வைப்பாள், திராட்சையை நாலாக நறுக்கிய பிறகு அந்த நாலையும் எட்டாக்குவாள். கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள். திங்கட்கிழமை காலை வெள்ளைக் கேன்வாஸ் ஷூவின் அழுக்கைச் சாக்பீஸால் தேய்த்து மறைத்து சிஸ்டர் முன்னால் நின்ற கைகள் அவை. அதே கைகளால் ஒரு டப்பாச் சாக்பீஸை அந்தக் கோட்டில் தேய்த்தாள், சாக்பீஸும் உள்ளே போனது. பீரோவை நகர்த்தி மறைத்தாள், விடிந்து பார்த்தால் பீரோவின் பின்பலகை இல்லை. கறுப்போ பச்சையோ பூசிவிடலாம் என்று வீட்டுக்காரர் மச்சாதுவிடம் கேட்டாள்.

"எங்கப்பா காலத்துலருந்து இந்தச் சொவத்துக்கு வெள்ளதாம்மா," என்றார் அவர், கேட்டுக்கு வெளியிலேயே நின்றபடி. "பச்ச, ஊதான்னு பூசுனிய, அப்பறம் பொட்டிய கட்டிர வேண்டியதுதான்."

மாலத்தீவின் மாலேயிலிருந்து ரெமி போனில் பேசினான். "சொவத்துக்குள்ள பல்லி போகுதுன்னு சொல்லவாட்டி அழுத? ரெண்டு வெள்ளையும் ஒண்ணா இருந்தா கோடு எங்கருந்து வரும்? ஒரே மாதிரி வெள்ளையாப் பாத்து வாங்கு." சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

கப்பல் வந்துபோகிற ஊரில் யாரும் எதற்கும் சட்டென்று வாய்பிளப்பதில்லை. காம்பவுண்டு முதல் நாள் வந்து பார்த்தது, இரண்டாம் நாள் நாற்காலி கொண்டுவந்து போட்டது, மூன்றாம் நாள் அதற்கு வேலை கொடுத்தது. கோட்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, ஈரச் சுண்ணாம்பு வாசத்தோடு. சித்திரை வெயிலில் அதன் முன்னால் யார் எத்தனை மணிக்கு உட்காருவது என்று முறைவைத்தார்கள். அடுத்த வீட்டுக் கனியக்கா விளமீனைச் சட்டியோடு கொண்டுவந்து கோட்டின் ஓரமாக வைத்தாள், மூன்று நாள் கழித்தும் மீன் கண் பளபளவென்றிருந்தது. டியூஷன் பிள்ளைகள் டீச்சரின் பிரம்பை உள்ளே போட்டார்கள். ஆறாம் வீட்டுக்காரி புருஷனின் பாட்டிலைப் போட்டாள், ஏழாம் நாள் புருஷன் தன் பங்குக்கு அவளுடைய சீரியல் ரிமோட்டைப் போட்டான். தோணிக்காரர்கள் நாலு பேர் ஈயக்குண்டு கட்டி, கைவிரிப்புக்கு ஒரு பாகம் என்று அளந்து, நாற்பது பாகம் கயிறு இறக்கிப் பார்த்தார்கள், கயிறு வெளுத்து வந்தது, அடி தட்டவில்லை, "ஆழந்தான்" என்று சொல்லி டீ குடிக்கப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தீர்த்தமும் உள்ளே போனது, "கர்த்தர் சித்தம், பிள்ளைய மட்டும் பாத்துக்க" என்றார்.

அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள், செவ்வாய்க்கிழமை அரிசி களைந்த அந்த ஒரு நிமிஷம் தவிர. திரும்பிப் பார்த்தபோது ஜோவி கோட்டருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கைவரை உள்ளே விட்டு, எதையோ துழாவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா இழுத்தாள். கை வந்தது, ஆனால் வருமுன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளிருந்தும் யாரோ இழுத்தார்கள், முரட்டுத்தனமாக இல்லை, விளையாட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் இழுப்பதுபோல. பிள்ளையின் கை விரல்நுனி தொடங்கி முழங்கைவரை அரிசிமாவு தடவியதுபோல வெளுத்திருந்தது, சோப்புக்கும் போகவில்லை, தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை.

அன்றிலிருந்து அவள் வெள்ளை தேடினாள்.

பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரெமி பாதியிலிருந்து பெயர்த்த சில்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, டவுனில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாள். "நாப்பத்தோரு வெள்ளை இருக்கும்மா, எது வேணும்?" என்றான் ஒரு கடைக்காரன், அட்டையை விசிறிபோல விரித்து. முத்து வெள்ளை, முல்லை வெள்ளை, பனி வெள்ளை, சங்கு வெள்ளை, அன்ன வெள்ளை. ஒரு கம்பெனியின் முல்லை இன்னொரு கம்பெனியின் முத்தாக இருந்தது, இரண்டு கம்பெனியின் சங்கும் ஒன்றையொன்று பார்த்தால் முகம் திருப்பிக்கொண்டன. மிஷினில் சில்லை வைத்து நம்பர் எடுத்து, மிஷின் பொய் சொல்லாது என்று சத்தியம் பண்ணிக் கலக்கிக் கொடுத்தான்.

"மிசினு டியூப்லைட்டுல பாக்கும், சொவரு வெயில்லல்லா பாக்கும்," என்றான் பலவேசம். பேச்சுக்குக் குறைச்சல் இல்லாதவன். "வெள்ளைன்னு தனியா ஒண்ணு கெடையாது தாயி. ஒவ்வொரு டப்பாலயும் ஒரு சொட்டு கறுப்போ மஞ்சளோ நீலமோ ஒளிஞ்சிருக்கும். அது காயுததுக்கு முன்ன வெளிய வராது. மாப்பிள்ள வீட்டுக்காரவுக மாதிரி."

பதினொரு வெள்ளை பூசிப் பார்த்தார்கள். பூசிய ஒவ்வொன்றும் காய்ந்து தன் சொட்டைக் காட்டியது, ஆனால் பெனிட்டா ஒன்றைக் கண்டுகொண்டாள்: நிறம் கிட்டே வரவர இடுக்கு ஒடுங்கியது. முதல் வெள்ளைக்குப் பக்கத்தில் புத்தகம் போனது, ஐந்தாவதுக்கு ஓலை போனது, பதினொன்றாவதுக்குப் பலவேசம் பட்டி பார்க்கிற மெல்லிய தகடுகூடப் போகவில்லை, அவள் தலைமுடி ஒன்று மட்டும் போனது. "முடிஞ்சுது தாயி, இனி கொசு போகாது" என்று அவன் பீடி பற்றவைத்துத் திரும்புவதற்குள், தகடு போகாத அந்த இடத்தில், ஜோவி விரலை வைத்தாள், விரல் போனது. பெரியவர்களின் அளவு வேறு, பிள்ளைகளின் அளவு வேறு என்று அந்த இடுக்கு வைத்திருந்தது.

அப்போதுதான் பலவேசம் தன் தொழில் தந்திரத்தைச் சொன்னான். எந்தப் பெயிண்டரும் சுவர் நடுவில் வெள்ளையை நிறுத்தமாட்டான், மூலைவரைக்கும் கொண்டுபோய் விடுவான். மூலையில் வெளிச்சம் உடையும், அங்கே இரண்டு வெள்ளை சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மச்சாதுவும் இரண்டு டிரம் வெள்ளை இறக்கிக் கொடுத்தார். முதல் வீட்டுப் பின்சுவர் முழுக்கப் பூசியானதும், பலவேசம் சொன்னபடியே, கோடு நடுவிலிருந்து போய்விட்டது. மூலையிலும் இல்லை. சுவர் ஒன்றுதானே, அது குறுக்குச் சுவரைத் தாண்டி, புதுவெள்ளை முடிந்து பழைய வெள்ளை தொடங்குகிற இடத்தில், கனியக்கா வீட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டது.

"ஏட்டி பெனிட்டா! ஓம்வீட்டு ஓட்டைய எங்கிட்டத் தள்ளிவிட்டியா?"

"எக்கா, மீன் வைக்க ஒங்களுக்கு வசதியாப் போச்சுல்லா."

"வசதிதான். ராத்திரி சொவத்தடியில படுக்கது யாரு, ஓம்புருசனா?"

கனியக்கா தன் சுவரைப் பூசினாள், கோடு மூன்றாம் வீட்டுக்குப் போனது, மூன்றாம் வீடு பூசியது, நாலாவது திட்டிக்கொண்டே பூசியது, ஐந்தாவது பூசிவிட்டுத் திட்டியது, இப்படியே வீடு வீடாக, சம்மந்தி வீட்டுப் பலகாரத் தட்டுபோல யார் வீட்டிலும் தங்காமல் அந்த இடுக்கு கைமாறிக் கைமாறி, மூன்றே வாரத்தில் பதினாலாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பதினாலாம் வீடு செல்லக்கிளியுடையது. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் இல்லை, ஒரு வயதில் தவசி என்று ஒரு பயல். அந்தச் சுவர் எட்டு வருஷமாக வெள்ளை காணாமல் பல்போல மஞ்சளாகியிருந்தது. நிறம் விலகினால் இடுக்கு விரியும் அல்லவா, அங்கே அது ஒரு சாண் அகலத்துக்கு வாயைத் திறந்தது.

செல்லக்கிளியும் பூச வந்தாள். அதற்குள் டிரம்மில் அடிமண்டிதான் இருந்தது. காம்பவுண்டே அவள் வாசலில் கூடி நின்றது.

"அங்கிட்டு அடுத்த வீடு இல்லியே," என்றான் பலவேசம். "இதையும் பூசிட்டா அது எங்க போவும்? சுத்தித் திரும்பி மொத வீட்டுக்குத்தான் வரும்."

எல்லோரும் பெனிட்டாவைப் பார்த்தார்கள். வேண்டாம், பாவம், தோணிக்காரன் இல்லாத வீடு, பெண்பிள்ளை வேறு, என்று பத்துப் பேர் சொன்னார்கள். செல்லக்கிளி பிரஷைக் கீழே வைத்தாள். பெனிட்டா பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், ஜோவியைத் தரையில் விட்டாள், பிள்ளை சுவரோரம் தவழ்ந்தது, சுவர் சுவராக இருந்தது, பிள்ளையின் கை வெளுப்பும் மறைந்துவிட்டிருந்தது, ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவள் உட்கார்ந்து சோறு தின்றாள்.

ஒன்பது நாள் தின்றாள். ஆனால் கொடியில் துணி போடும்போதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும், பதினாலாம் வீட்டுப் பக்கமே காது போய்வந்துகொண்டிருந்தது. அங்கே மீன்சட்டிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், பயல் எங்கே என்று கேட்டால் "உள்ளதான் கெடக்கான்" என்றார்கள். பத்தாம் நாள் அவள் வெறும் கையோடு போகக் கூசி, ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். செல்லக்கிளி அளத்துக்குப் போயிருந்தாள். தவசியை இடுப்பில் பழைய சேலை கட்டிக் கட்டில் காலில் முடிந்திருந்தது. முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. பயல் சுவரைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் தோள்பட்டைவரை வெளுத்திருந்தன. உள்ளே, ரொம்பக் கிட்டத்தில், ஜோவியின் கிலுகிலுப்பையை யாரோ ஆட்டினார்கள்.

பெனிட்டா அவனைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கே ஓடினாள். செல்லக்கிளி உப்புக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பயலை வாங்கினாள், தோளைப் பார்த்தாள், முந்தாநாள் முழங்கைவரைக்கும்தான் இருந்தது என்றாள்.

"ஒங்க வீட்டுலருந்து வந்ததுதானக்கா," என்றாள், கோபமே இல்லாமல். "ஒங்களுக்குத்தான அதோட கொணம் தெரியும். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை.

சுற்றிலும் உப்பு. குவித்த உப்பு, வாரிய உப்பு, பாத்தியில் பூத்துக்கொண்டிருந்த உப்பு. காலடியில் பழுப்பாகத் தொடங்கி, பாத்திக்குப் பாத்தி வெளுத்து, தூரத்தில் கண் கூசுகிற வெள்ளையாகக் குவிந்திருந்தது, எந்த இடத்தில் பழுப்பு முடிந்தது என்று விரல் வைக்க முடியவில்லை. பெனிட்டா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வெள்ளையை ஒட்டவைக்கத்தான் முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருபது வெள்ளையை நிறுத்தினால், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முடியிழைக்கும் கிட்டே இருந்தால், அந்தக் கோடு எங்கே நிற்கும்?

அவள் முதல் வீட்டிலிருந்து தட்டத் தொடங்கினாள். ஒரு டப்பா மிச்சப் பெயிண்டைத் தூக்கிப்போட்ட வீடு மச்சாது காம்பவுண்டில் கிடையாது; கிறிஸ்மஸுக்கு அடித்தது, பொங்கலுக்கு அடித்தது, சடங்குக்கு அடித்தது, எல்லாம் கட்டிலுக்கடியில் மூடி இறுகிக் கிடந்தன. ரெமியின் காலி டப்பா அடியைத் தானே சுரண்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து முதலில் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

"அப்ப மீன எங்கட்டி வைக்க?" என்றாள் கனியக்கா.

"மீனுக்கு ஐஸ் வாங்கிக்கிடலாம்க்கா. பிள்ளைக்கு என்னத்த வாங்க?"

கனியக்கா உள்ளே போனாள். வரும்போது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு டப்பா.

உச்சி வெயிலில், நிழலே விழாத நேரத்தில், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டார்கள். பலவேசம் அடுக்கப் பார்த்தான், பெண்கள் அவனை எழுந்துபோகச் சொன்னார்கள். வேட்டிக் கரையில் பழுப்பையும் பள்ளிச் சட்டைக் காலரில் மஞ்சளையும் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பழகின கண்கள் அவை. "இதுக்கு அந்தாண்ட அது." "ஏன், ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இதுல நீலம் ஓடுது பாரு." "ஓம்மாமியா சேலைக்குப் போட்ட நீலமாட்டம் இருக்கு." சிரித்தார்கள், வைதார்கள், இல்லாத நிறத்துக்குப் பக்கத்து இரண்டைக் கலந்தார்கள், சாயும் பொழுதில் இருபத்தாறு வெள்ளை வரிசையில் நின்றன, முதலாவது டிரம் வெள்ளை, கடைசியது செல்லக்கிளியின் சுவர் நிறம், நடுவில் ரெமியின் வெள்ளை எங்கே இருக்கிறதென்று பெனிட்டாவாலேயே சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை, இரண்டு விரல் அகலத்தில், இடுக்கின் மேலேயே காற்றுக்கு எதிராகப் பிரஷைப் பிடித்து, அவரவர் வெள்ளையை அவரவரே இழுத்தார்கள். முதல் ஆறு பட்டையில் இடுக்கு முனகியது, பத்தில் காற்று நின்றது, இருபதில் ஓலை போகவில்லை, இருபத்தாறு காய்ந்த பிறகு பலவேசம் தகடு வைத்தான், போகவில்லை, கனியக்கா தன் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி வைத்தாள், போகவில்லை.

"செரி, பிள்ளைய வச்சுல்லா பாக்கணும்," என்றார் யாரோ.

எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செல்லக்கிளி தவசியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். எம்பிள்ள பெரிசு, ஏம்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குரல்கள் எழுந்தன, ஒரு பூனைக்குட்டியை வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார், நம்ம பிள்ளையில யாரு என்று கேட்டுக்கொண்டே பெனிட்டா தன் இடுப்பைத் தொட்டாள், இடுப்பில் ஜோவி இல்லை. காலண்டர் தாளை எடுக்கக் குனிந்தபோது இறக்கிவிட்டிருந்தாள்.

பிள்ளை சுவரடியில் இருந்தது.

கூப்பிட்டால் திரும்பும், திரும்பினால் சாயும், சாய்ந்தால் சுவரில்தான் சாயும். பெனிட்டா கூப்பிடவில்லை. கூட்டமும் வாயைப் பொத்திக்கொண்டது. ஜோவி டிரம் வெள்ளையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்து நின்றாள், இதுவரை அவள் எழுந்து நின்றதே இல்லை, கையை மாற்றி அடுத்த பட்டையில் வைத்தாள், கால் ஒரு அடி நகர்ந்தது, அடுத்தது, அதற்கடுத்தது, ஆறாம் வீட்டுக் கிறிஸ்மஸ், ஒன்பதாம் வீட்டுப் பொங்கல், கனியக்கா மகள் சடங்கு, ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு எட்டு. பதினேழோ பதினெட்டோ, அங்கே நின்றாள். காதைச் சுவரில் வைத்தாள். உள்ளே, எங்கோ, நூல்போல, கலகல. ஜோவியின் விரல்கள் அந்த இடத்தைத் தடவின, நகத்தால் பிராண்டின, ஒரு விரல் தனியாக நீண்டு அழுத்தியது. பெனிட்டாவின் உடம்பில் இருந்த எல்லாப் பயமும் அந்த ஒரு விரல்நுனிக்குப் போய்ச் சேர்ந்தது.

விரல் மடங்கியது.

பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. கையை ஓங்கி, இரண்டு உள்ளங்கையாலும், சுவரை அறைந்தாள். டப். இன்னொரு தரம், டப், டப், என்று கெட்டிச் சுவரின் மக்குச் சத்தம். பதினாலு வீட்டிலும் பாத்திரங்கள் ஒருமுறை குலுங்கி நின்றன, மூன்றாம் வீட்டு மாதா படமும் ஆடியிருக்கும். பெனிட்டா ஓடிப்போய் அள்ளிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். அரிசிமாவு இல்லை. கொஞ்சம் தூசியும், சிவந்துபோன உள்ளங்கையும். செல்லக்கிளி அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

தவசியின் தோள் நிறம் திரும்ப ஒரு மாதமானது. மாசக் கடைசியில் ரெமி வந்தான், மாலேயில் ஒரே மாதிரி வெள்ளை கிடைத்துவிட்டது என்று கையில் புது டப்பாவோடு, காம்பவுண்டு கேட்டுக்குள் அவன் கால் வைக்குமுன் பதினாலு வீடும் ஒரே குரலில் "அத அங்கயே வை!" என்று கத்தியது, டப்பா இன்னும் கேட்டுக்கு வெளியேதான் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஜோவி இப்போது ஓடுகிறாள். பெனிட்டா இப்போதும், கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ ரயில்வே ஸ்டேஷனோ, எங்கே போனாலும் பிள்ளையை இறக்கிவிடுமுன் சுவரை உள்ளங்கையால் தட்டி, அந்த மக்குச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறக்கிவிடுகிறாள்.